ஒற்றியூர்ப் பஞ்சரத்தினம்: ஐந்தையும் ஒரே மாலையில் பாடலாமா?

திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டையில் நவராத்திரி வெள்ளிக்கிழமை மாலை, இரண்டு மணி நேரக் கச்சேரி. "எங்க வடிவுடையம்மன் மேல தியாகராஜர் அஞ்சு பாட்டு பாடியிருக்காராமே, அஞ்சையும் பாட வைச்சு, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி அதோட கதையைச் சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பாட்டுகள் நிஜமாகவே ஒற்றியூர் அம்மன் மேல்தானா, அவற்றைச் சுற்றிச் சொல்லப்படும் கதைகளை மேடையில் சொல்லலாமா என்பது ஒன்று. ஐந்தையும் அடுத்தடுத்துப் பாடினால் கச்சேரி நிற்குமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் சாகித்தியத்துக்குள்ளேயே, அதாவது பாட்டு வரிகளுக்குள்ளேயே, கிடைத்துவிடும். இரண்டாவதற்குத்தான் யோசனை வேண்டும். கேட்கிறவர்கள் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

ஐந்து கிருதிகளும் இவை: பேகடாவில் 'சுந்தரி நன்னிந்தரிலோ' (ரூபகம்), கல்யாணியில் 'சுந்தரி நீ திவ்ய ரூபமுனு' (ஆதி), ஆரபியில் 'சுந்தரி நின்னு வர்ணிம்ப' (மிஸ்ர சாபு), சுத்தசாவேரியில் 'தாரினி தெலுசுகொண்டி' (ஆதி), சாவேரியில் 'கன்ன தல்லி நீவு' (ஆதி). இவற்றைத் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் திருவையாற்று ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாடும் கனராக பஞ்சரத்தினத்தைப் போல இதை எண்ணிக்கொள்ளாதீர்கள். அங்கே நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராகங்களும் வரிசையும் நிலைத்தவை, தாளம் ஐந்துக்கும் ஆதி, அமைப்பும் கோஷ்டிக்கு ஏற்றது. ஒற்றியூர்க் கிருதிகள் அப்படியல்ல. ஒவ்வொன்றும் தனியாக நிற்கும் பாட்டு. ஆகையால் இந்த வரிசையில்தான் பாட வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. அது உங்களுக்கு வசதி.

உறுதியாகச் சொல்லக்கூடியது எது என்று முதலில் பிரித்துக்கொள்வோம். 'திரிபுரசுந்தரி' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டை ஒற்றியூருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. திருவான்மியூர் அம்மனுக்கும் அதே பெயர்தான். ஊரைக் காட்டுவது 'ஆதிபுரம்' என்ற சொல். ஒற்றியூருக்கு ஆதிபுரி என்று பெயர், சுவாமி ஆதிபுரீசுவரர். கல்யாணிக் கிருதியின் சரணத்தில் 'புவிலோ வரமௌ ஸ்ரீமதாதிபுரமுன நெலகொன்ன' என்று வருகிறது. பூமியில் சிறந்ததான ஆதிபுரத்தில் நிலைகொண்டவளே என்று பொருள். சுத்தசாவேரிக் கிருதியின் முதல் சரணத்திலும் 'ஆதிபுரமுன நெலகொன்ன' இருக்கிறது. இந்த இரண்டையும் யார் கேட்டாலும் தயங்காமல் மேடையில் சொல்லலாம். கல்யாணிக் கிருதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதே சரணத்தில் 'சுக்ரவாரபு முத்து சேவ', அதாவது வெள்ளிக்கிழமையின் அழகிய சேவை, என்று வருகிறது. அதைக் காணத் தேவமாதர்கள் வானத்தில் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்களாம். உங்கள் கச்சேரியும் வெள்ளிக்கிழமை. சன்னதித் தெருவில் அன்றைக்கு நிற்கிற வரிசையைப் பார்த்துப் பழகிய ஜனங்களிடம் இந்த ஒரு வரிக்குப் பொருள் சொன்னால் போதும். வேறு கதையே தேவையில்லை.

அதே கிருதியின் அனுபல்லவியும் சொல்லத் தகுந்தது. உன் திவ்ய ரூபத்தைக் காணும் பாக்கியம் எனக்குக் கிடைத்ததே என்று பல்லவி. அது உன் கடாட்சத்தின் பலமா, முன்பு செய்த பூஜையின் பலனா என்று அனுபல்லவி. அருளா, உழைப்பா என்கிற கேள்வியை அவர் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறார், பதில் சொல்வதில்லை. ஆரபியில் உன்னை வர்ணிக்கப் பிரம்மாதி தேவர்களுக்காவது முடியுமா என்று கேட்கிறார். சாவேரியில் பெற்ற தாயான நீ என் பக்கம் இருக்க நான் ஏன் வருந்த வேண்டும் என்கிறார். பேகடாவின் 'நன்னிந்தரிலோ' என்பது 'இத்தனை பேருக்குள் என்னை'. கூட்டத்தில் நெரிந்துகொண்டு தரிசனம் செய்தவர்களுக்கு அந்தச் சொல் உடனே பிடிபடும்.

இனி வாய்வழியாக வந்தவை. தியாகராஜர் திருவையாற்றிலிருந்து வடக்கே யாத்திரை வந்தபோது சீடர் வீணை குப்பையர் அழைத்து ஒற்றியூருக்கு வந்தார், தங்கினார், பாடினார் என்பது சிஷ்ய பரம்பரையில் சொல்லப்பட்டு வருவது. குப்பையர் முத்தியால்பேட்டையில் இருந்தவர், அவர் குடும்பத்துக்கும் ஒற்றியூருக்கும் தொடர்பு உண்டு. இவை நம்பத் தகுந்தவையே. ஆனால் எந்த நாளில் எந்தப் பாட்டு, எந்த நேரத்தில் அம்மன் எப்படிக் காட்சி கொடுத்தாள் என்று விவரமாகச் சொல்லப்படும் கதைகளுக்குச் சாகித்தியத்தில் ஆதாரம் இல்லை. அவற்றைச் சொன்னால் 'என்று சொல்வார்கள்' என்று முடியுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. பல்லக்கில் வரும்போது திருடர்கள் கல்லெறிந்தார்கள், ராமலட்சுமணர் காத்தார்கள் என்ற கதையை ஒற்றியூர்க் கச்சேரியில் நுழைத்துவிடுகிறார்கள். அது கோவூர்ப் பயணத்தோடு, தர்பார் ராகத்து 'முந்து வெனுக' கிருதியோடு ஒட்டி வரும் கதை. கோவூருக்கும் தனியாக ஒரு பஞ்சரத்தினம் இருப்பதால் இந்தக் குழப்பம். அதுபோல, வள்ளலார் சென்னையில் ஏழுகிணற்றில் வாழ்ந்து அடிக்கடி ஒற்றியூருக்கு நடந்து வந்தவர் என்பதை வைத்து, இருவரும் கோயிலில் சந்தித்தார்கள் என்று ஒரு காட்சியை எழுதிவிடாதீர்கள். தொகுப்புரை எழுதுகிறவர்களுக்கு அந்த ஆசை வரும்.

பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது, அதை அறிவிப்பாளர் காதில் போட்டு வையுங்கள். ஒற்றியூரில் 'தியாகராஜர்' என்றால் முதலில் சுவாமி; கோயிலில் அவருக்கு இந்தப் பெயரும் உண்டு. அடுத்து திருவையாற்று வாக்கேயக்காரர், அதாவது இந்தப் பாட்டுகளை இயற்றியவர் (1767 - 1847). மூன்றாவதாக, குப்பையரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யர்; குருவின் பெயரையே மகனுக்கு வைத்தார். சகானாவில் 'கருணிம்ப', தர்பாரில் 'சலமேல' என்று கச்சேரி தொடக்கத்தில் நீங்கள் கேட்கும் வர்ணங்கள் இவருடையவை. இதை 'தியாகராஜரின் வர்ணம்' என்று அறிவிப்பது அடிக்கடி நடக்கிற தப்பு. ஆனால் வாக்கேயக்காரர் இந்தப் பெயர் ஒற்றுமையை ரசித்துத்தான் எழுதியிருக்கிறார். சுத்தசாவேரியின் கடைசிச் சரணத்தில் 'ஸ்ரீ தியாகராஜ மனோகரி கௌரி' என்று வருகிறது. தியாகராஜருக்கு மனோகரி என்றால் சுவாமியின் மனைவி. அதுவே பாடியவரின் முத்திரையும், அதாவது பாட்டுக்குள் அவர் வைக்கும் தன் பெயரும், ஆகிறது. இரண்டு தியாகராஜர்களும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்குப் பத்து விநாடி ஒதுக்கலாம்.

இங்கேயே பாடகரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதும் வந்துவிடுகிறது. கச்சேரியில் பெரும்பாலும் ஒரே சரணம்தான் பாடுவார்கள். சுத்தசாவேரியில் முதல் சரணம் பாடினால் ஆதிபுரம் கிடைக்கும், முத்திரை போய்விடும். கடைசிச் சரணம் பாடினால் முத்திரை கிடைக்கும், ஊர் போய்விடும். ஊரார் கேட்கும் கச்சேரி என்பதால் முதலும் கடைசியும் பாடும்படி முன்கூட்டியே கேளுங்கள். கூடுதலாக மூன்று நிமிடம் ஆகும். அவர் கற்றுக்கொண்ட பாடாந்தரத்தில் (குருவழிப் பாடத்தில்) ஒரு சரணம் மட்டும் இருந்தால் வற்புறுத்த வேண்டாம். புதிதாகப் படித்துக்கொண்டு வந்த சரணம் மேடையில் தாளை எட்டிப் பார்க்க வைக்கும்.

சரி, ஐந்தும் ஒரே மாலையில் நிற்குமா? ராகங்களைச் சற்றுக் கவனியுங்கள். சுத்தசாவேரி ஆரோகணம் ஸரிமபதஸ. ஆரபி ஆரோகணமும் அதே ஸரிமபதஸ, சுவரஸ்தானங்களும் அவையே. சாவேரியும் ஸரிமபதஸ என்றுதான் ஏறுகிறது. ஆனால் அங்கே ரி, த இரண்டும் சுத்த சுவரங்கள், அதாவது தாழ்ந்த வகை. ஐந்தில் மூன்று, ஏறும்போது ஒரே படிக்கட்டு. இறங்கும்போதுதான் பிரிகின்றன: சுத்தசாவேரியில் க, நி கிடையவே கிடையாது, ஆரபியில் இறக்கத்தில் இரண்டும் உண்டு, சாவேரியிலும் அப்படியே. ஆரபியைப் பாடி முடித்த கையோடு சுத்தசாவேரி எடுத்தால், மேடையிலேயே இட்டுக்கட்டிப் பாடும் கல்பனாசுவர வேகத்தில் ஒரு காந்தாரமோ (க) நிஷாதமோ (நி) தட்டுப்பட வாய்ப்பு அதிகம். பாடகர் தப்பிக்கொண்டாலும் வயலின்காரர் விரல் பழக்கத்தில் தொட்டுவிடுவார். கேட்கிறவர்களுக்கும் 'இப்பத்தான் இதைக் கேட்டோமே' என்று தோன்றும், காரணம் சொல்லத் தெரியாது. இந்த மூன்றுக்கும் வெளியே நிற்பவை பேகடாவும் கல்யாணியும். கல்யாணி ஒன்றில்தான் பிரதி மத்தியமம் (உயர்ந்த ம). ஆகவே காது மாறுதலுக்கு ஏங்கும் இடத்தில் அது வர வேண்டும், நடுநாயகமாகவும் அதுவே இருக்க வேண்டும். விரிவாக ஆலாபனை செய்ய இடம் கொடுக்கும் ராகம், வெள்ளிக்கிழமை வரியும் அதில் உண்டு. இதே காரணத்துக்காக, முத்துசாமி தீட்சிதரின் 'ஆதிபுரீஸ்வரம்' கிருதியையும் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதுவும் ஆரபி. சுவாமி மேலும் ஒன்று பாட வேண்டும் என்றிருந்தால் தியாகராஜரின் ஆரபியை விட்டுவிட்டு அதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்போது ஐந்து நான்காகிவிடும்.

120 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். சகானா வர்ணம் 6 நிமிடம். ஆரபி ஆலாபனை இல்லாமல், நாலு ஆவர்த்தனம் சுவரத்தோடு 9. சாவேரி சிறிய ஆலாபனையோடு 15. நிதானமாகப் பாட வேண்டியது, சபை அமைதியாகும் இடம் அது. பேகடா 12. சுத்தசாவேரி விறுவிறுப்பாக 9, இரண்டு சரணம் என்றால் 12. பிறகு கல்யாணி: ஆலாபனை 10, வயலின் 5, கிருதி 12, நிரவலும் (ஒரே வரியை விரித்துப் பாடுவது) சுவரமும் 10, தனியாவர்த்தனம் (மிருதங்கத்தின் தனி வாசிப்பு) 10. மொத்தம் 47. சுத்தசாவேரியில் இரண்டு சரணம் என்று கொண்டால் இதுவரை 101. தேவாரம் 8, வள்ளலார் பாடல் 5, மங்களம் 2. மிஞ்சுவது நாலே நிமிடம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நிமிடம் பேசினாலே அது தீர்ந்துவிடும். ஐந்து நிமிடக் கதை ஒன்று சொன்னால் வெட்டுப்படுவது தனியாவர்த்தனம்தான், எப்போதும் அங்கேதான் கை வைக்கிறார்கள். மிருதங்கக்காரர் முகத்தில் அது தெரியும். பேச்சைப் பக்கவாத்தியம் சுருதி சரிபார்க்கும் இடைவெளியில் முடித்துவிடுங்கள். ஆலாபனைக்கும் பாட்டுக்கும் நடுவே ஒருபோதும் பேச வேண்டாம். கல்யாணி வரியைப் பற்றிச் சொல்வதை ஆலாபனைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நிரவலை 'சுக்ரவாரபு' வரியில் எடுக்க முடியுமா என்று பாடகரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பழகிய இடம் வேறாக இருந்தால் அவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவதே நல்லது. இந்த நிமிடக் கணக்கும் ஒரு கைக்கணக்குதான். சிலர் பேகடாவைத் தொட்டால் இருபது நிமிடத்துக்குக் குறைந்து கீழே வைக்க மாட்டார்கள்.

உச்சரிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் அழைப்பிதழில் அச்சடிப்பீர்கள். 'தாரிணி' என்று மூன்று சுழி போடாதீர்கள். அது 'தாரி' (வழி) என்ற தெலுங்குச் சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபு 'னி' சேர்ந்தது: வழியைத் தெரிந்துகொண்டேன். பாடும்போது 'தாரி... நீ...' என்று பிரித்தால் 'நீ' என்ற அம்மனைக் கூப்பிடுவதுபோல ஆகிப் பொருள் கெடும். முதல் எழுத்து 'தாமரை'யில் வரும் தா அல்ல, 'தானம்' என்பதில் ஒலிக்கும் மெல்லிய தா. 'கன்ன தல்லி' என்றால் பெற்ற தாய். கன்னத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் யாராவது ஒருவர் கேட்பார். மூன்று பாட்டு 'சுந்தரி' என்றே தொடங்குவதால் அழைப்பிதழில் ராகப் பெயர் இல்லாமல் போடாதீர்கள். நேயர் விருப்பச் சீட்டில் 'சுந்தரி பாடுங்க' என்று வந்தால் பாடகர் எதைப் பாடுவார்?

ஒற்றியூர் என்றால் கதைக்குப் பஞ்சமில்லை, ஆனால் பெரிய கதை தெலுங்குக் கிருதிகளில் இல்லை, தேவாரத்தில் இருக்கிறது. தேவாரத்துக்கு எட்டு நிமிடம் ஒதுக்கச் சொன்னது அதற்காகத்தான். சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணந்தார். பிரிய மாட்டேன் என்று சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டும். அந்த நேரத்துக்குச் சுவாமி மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று சுந்தரர் முன்பே கேட்டுக்கொண்டார். சுவாமி சங்கிலியார் பக்கமும் பேசிவிட்டார்: சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கு என்று. பிறகு ஆரூர் வசந்த விழா நினைவு வந்து சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் இரண்டும் போயின. பெரியபுராணம் சொல்லும் இந்தக் கதைக்குத்தான் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. கண் இழந்த பிறகு பாடியதாகக் கொள்ளப்படும் பதிகம் 'அழுக்கு மெய்கொடு', பண் தக்கேசி. ஓதுவார்கள் தக்கேசியைக் காம்போதியில் பாடுவார்கள். கல்யாணிக்கும் தனிக்கும் பிறகு காம்போதி வந்து உட்கார்வது காதுக்கு இதம். இதற்கு மட்டும் இரண்டு நிமிடக் கதை தாராளமாகச் சொல்லலாம், மற்ற இடங்களில் மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து வள்ளலாரின் வடிவுடை மாணிக்க மாலை. மொத்தம் 101 பாடல்கள், ஒவ்வொன்றும் 'வடிவுடை மாணிக்கமே' என்று முடியும். அதில் ஒரு பாட்டை விருத்தமாக, தாளமில்லாமல், பாடினால், கடைசிச் சொல் வரும்போது சபையே சேர்ந்து சொல்லும்.

குழந்தைகளையும் மேடையேற்ற வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குத் தியாகராஜர் வேண்டாம்; சுத்தசாவேரி அவர்களைக் கீழே தள்ளிவிடும். பக்கத்திலேயே மணலி இருக்கிறதே. மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு அங்கே தங்கியிருந்தார். அவர் மகன் இளம் முத்துசாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியம் கேட்டு அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருத வரிகள் போட்டதாகச் சொல்லப்படுபவைதான் நோட்டுஸ்வரங்கள். 'ஸ்யாமளே மீனாக்ஷி' குழந்தைகளுக்குத் தெரிந்த 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டேதான். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜாவுக்கு வாழ்த்துப் பாடும் மெட்டு. கமகம் கிடையாது, சங்கராபரணத்து நேர் சுவரங்கள், ஒரு வாரத்தில் படித்துவிடலாம். மெட்டுப் பொருத்தம் யார் கேட்டாலும் விளங்குவது. எந்தப் பாட்டு எந்த வயதில் எங்கே பிறந்தது என்பதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கச்சேரிக்கு முன் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். இடையில் வைத்தால் பெற்றோர் கைப்பேசியோடு மேடைக்கு முன் வந்து நிற்பார்கள்.

கடைசியாக இடம். பாடகர் பெண் என்றால் சுருதி ஐந்து கட்டையை (கட்டை என்பது சுருதி அளவு) ஒட்டி இருக்கும், ஆண் என்றால் ஒன்று, ஒன்றரை. ஒரு கட்டை மிருதங்கத்தை ஐந்துக்கு ஏற்ற முடியாது, வலந்தலை (வலப்பக்கத் தோல்) கிழியும். பாடகரின் சுருதியை மிருதங்கக்காரருக்கு ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். சாயங்காலக் கடல் காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே வரும். மேடையின் கிழக்குப் பக்கத்தை, அதாவது கடல் பக்கத்தை, திறந்து வைக்காமல் அங்கே ஒரு தட்டி கட்டுங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்குப் பூச ரவை மாவும் தண்ணீரும் அவர் பக்கத்தில் இருக்கட்டும். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும் பக்கம் ஒலிபெருக்கியின் முகத்தைத் திருப்பினால், அந்த இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவீர்கள், மைக் கூவும், சாவேரி ஆலாபனை அதிலேயே போய்விடும். பெட்டிகளை இரண்டு பெரியதாக வைப்பதைவிட நான்கு சிறியதாகச் சபைக்குள் வைப்பது மேல். கோயில் மதிலுக்குப் பக்கத்தில் மேடை என்றால், சாயரட்சை (மாலைப் பூஜை) மணியும் நாதசுவரமும் எத்தனை மணிக்கு என்று குருக்களிடம் கேட்டுவிட்டு ஆரம்ப நேரத்தைப் போடுங்கள். மணி அடிக்கும் நேரம் வர்ணத்திலோ தனியாவர்த்தனத்திலோ விழுந்தால் பரவாயில்லை. கல்யாணி ஆலாபனையில் மட்டும் விழக்கூடாது.